பெருநாள் கோப்பையில் தங்க மீன்

— பாத்துட்டேன், ஷாத்லி. பாத்துட்டுத்தான் திருப்பிக் கொண்டாந்து வெச்சிருக்கேன். எடுத்துக்க.

— எத எடுத்துக்க? நான் குடிச்சு முடிச்ச காப்பிக் கோப்பையையா?

— கோப்பைக்குள்ள கிடக்கிறத.

— ஏ பொம்பளே, உனக்கு என்ன ஆச்சு? கல்யாணம் ஆகி முப்பத்தொண்ணு வருஷம். ஒவ்வொரு பெருநாள் காலையிலயும் நீ காப்பி கொண்டாருவ, நான் குடிச்சுட்டு ஒரு தடவை கூட வெறுங்கோப்பையத் திருப்பித் தந்ததில்ல. நோன்பு வாயோட ஒரு மாசம் அடுப்படியில நின்னு உப்பு பாத்தவளுக்குக் குடுக்கிற மரியாதை இது. எங்கப்பா எங்கம்மாவுக்குக் குடுத்தாரு, அவரோட அப்பா அவரோட அம்மாவுக்குக் குடுத்தாரு. தலந்தா, நீயே சொல்லு பாப்போம், இந்த ஊர்ல எவளாவது இத வேணாம்னு சொன்னதா கேள்விப்பட்டிருக்கியா?

— இல்ல.

— அப்புறம் என்ன? சின்னதா இருக்கா? போன வருஷத்து மோதிரத்த விட கனம், கையில வெச்சுப் பாரு. தங்க மீன். கண்ணுக்குச் சிவப்புக் கல்லு வேற. நகைக்கடைக்காரன்கிட்ட அரை நாள் மல்லுக்கட்டினேன். நம்ம ஸ்ஃபாக்ஸ் ஊர்க்காரன் பையில கை விடறதுக்கு முன்னாடி மூணு தடவ யோசிப்பான்னு ஊரே சிரிக்குது, நான் ரெண்டு தடவதான் யோசிச்சேன்.

— மீனு அழகாத்தான் இருக்கு.

— அப்ப கழுத்துல போட்டுக்க. அக்கா பத்து மணிக்கு வந்து நிப்பா. ஒம்பதுக்கு வேன் வரும், கீழ் அறையில வாடகைக்கு இருக்கறவ காலி பண்ணிருவா, அவ வரும்போது படிக்கட்டுல அந்த நாத்தமும் இருக்காது. எல்லாம் நல்லபடியா...

— நாத்தம்னு சொல்லாத.

— சரி, வாசனை. போதுமா? பெருநாளும் அதுவுமா வார்த்தைக்கு வார்த்தை பிடிக்காத. உப்பு மீனையும் வெங்காயத் தொக்கு ஷர்மூலாவையும் எடுத்து வை, தலந்தா. ஒரு மாசமா காலையில ஒரு வாய் தண்ணி பாக்காத வயிறு. தொழுதுட்டு வர்ற வழியெல்லாம் ஒவ்வொரு வீட்லயும் வெங்காயமும் திராட்சையும் உருகற வாசம், அதக் கடந்து வர்றதுக்குள்ள உயிரு போயிருச்சு. மத்த ஊர்க்காரன் பெருநாளுக்கு இனிப்பு சாப்பிடறான், நாம உப்பு மீன் சாப்பிடறோம். கேட்டா சிரிக்கிறான். ஒரு வாய் ஊட்டி விட்டா அப்புறம் சிரிக்க மாட்டான். ஆமா, மீன எத்தன தண்ணி மாத்தின?

— உக்காரு, மனுஷா.

— எத்தன தண்ணின்னு கேட்டேன்.

— அதச் சொல்லத்தான் உக்காரச் சொல்றேன். எத்தன தண்ணி மாத்தணும்னு எனக்குத் தெரியல.

— முப்பத்தொண்ணு வருஷமா மாத்தறவளுக்கா தெரியல?

— ஒரு துண்டு வாயில வெச்சாத்தானே உப்பு இறங்கியிருக்கா இல்லையான்னு தெரியும். எனக்கு நாக்கு செத்துப்போச்சு, ஷாத்லி.

— சேச்சே, வாயக் கழுவு. நல்ல நாள்ல என்ன பேச்சு இது?

— பாதாம் பூக்கறதுக்கு முன்னாடி ஒரு காய்ச்சல் வந்து படுத்தேனே, அதோட போச்சு. உப்பு தெரியல, புளிப்பு தெரியல. ஒரு நாள் ஹரீசா மிளகா விழுது ஒரு கரண்டி அள்ளி அப்படியே முழுங்கினேன். தொண்ட எரிஞ்சுது, கண்ணுல தண்ணி கொட்டுச்சு. நாக்குல மட்டும் ஒண்ணுமே இல்ல. டாக்டர்கிட்டயும் போயிட்டு வந்தேன். வரும்னாரு. வராமலும் போகலாம்னாரு.

— வரும், வரும். இன்ஷா அல்லா வரும். இதுக்குப் போய் யாராவது பெருநாள் காலையில... சரி, அப்புறம் பேசலாம். மீன எடு.

— முதல் நோன்பு ஞாபகம் இருக்கா? அன்னைக்கு வெச்ச ஷுர்பா?

— மறக்குமா அது! ஒரு கரண்டி குடிச்சுட்டு, "ஊர்ல உப்பளத்த எல்லாம் மூடிட்டாங்களா?"ன்னு கேட்டேன்.

— கேட்டுட்டு நீ சிரிச்ச. நான் உள்ள போய் அழுதேன்.

— சும்மா கேலிக்குச் சொன்னதுடி.

— மறுநாள் பயந்துக்கிட்டு உப்ப அள்ளிப் போட்டேன். நீ கேலி கூடப் பண்ணல. வாய மூடிக்கிட்டு நாலு சொம்பு தண்ணி குடிச்ச. அது இன்னும் மோசமா இருந்துச்சு. என்கிட்ட வேற என்ன இருக்கு, மனுஷா? பிள்ள குட்டி இல்ல, படிப்பு இல்ல. உன் அக்கா கூட, "தலந்தாவுக்கு வாய் கிடையாது, ஆனா கை இருக்கு"ன்னுதான் சொல்லுவா. அந்தக் கையும் போனா நான் யாரு?

— போகல! எங்க போச்சு? மூணாம் நோன்புலேருந்துதானே நானே ஆள் மாறினேன். ஒரு நாள் கிரேக்கன் கத்திரிக்கா. கீழ கொத்துக்கறி, மேல பாலும் மாவும் கலந்து ஊத்தி பொன்னு மாதிரி சிவக்க விட்டு... ரொட்டி தீந்து போச்சு, விரல விட்டு வழிச்சேன். இன்னொரு நாள் ஈரான்காரன் சோறு, அடியில பிடிச்ச பொருக்கு இருக்கே, மொறுமொறுன்னு, அதுக்கு நீயும் நானும் சண்டையே போட்டோம். கொரியாக்காரன் சேமியாவ எள்ளெண்ணெய்ல புரட்டி எடுத்து வந்த. லெபனான்காரன் கீரைப் பொட்டலம், வாயில வெச்சா எலுமிச்சம்பழம் வந்து முன்னால நிக்குது. நிலக்கடலைய அரைச்சு ஊத்தின கோழி, அன்னைக்கு இடுப்பு வார அவுத்துட்டு உக்காந்தவன்தான், பள்ளிவாசலுக்குப் போகவே எந்திரிக்க முடியல. கடை முழுக்கச் சொன்னேன், என் வீட்டுக்காரி பாஸ்போர்ட் இல்லாம அடுப்படியிலயே ஏழு நாடு போய் வந்துட்டான்னு.

— மரவள்ளிக்கிழங்கு கொஸ்கொஸ விட்டுட்ட.

— விடுவேனா? முதல்ல கோவம்தான் வந்துச்சு. கொஸ்கொஸ்னா கோதும, கிழங்குக்கு அங்க என்ன வேலைன்னு. ஒரு வாய் வெச்சேன். லேசா ஒரு புளிப்பு. அந்தப் பொரிச்ச மீனோட... விடு, எச்சில் ஊறுது.

— "நல்லாப் புளிக்குது"ன்ன. நான் "புளிக்குதா?"ன்னு கேட்டேன். சமைச்சவ கேக்கற கேள்வியா அது?

— நான் கவனிக்கல.

— அது எதையும் நான் சமைக்கல, ஷாத்லி. போன்ல பாத்துக் கத்துக்கிட்டேன்னு சொன்னதெல்லாம் பொய். நான் பண்ணினது நம்ம ஊர்ச் சமையல் மட்டும்தான், அதுக்கும் உப்பு பாத்தது நான் இல்ல. அந்த இருபத்தேழு நாளும் நீ "உன் கைக்கு ஈடு உண்டா"ன்ன. இருபத்தேழு நாளும் நான் தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டேன். வெக்கங்கெட்டுப் போய் ஒரு நாள், "இன்னும் கொஞ்சம் எலுமிச்ச புழிஞ்சிருக்கலாம்"னு கூடச் சொன்னேன்.

— சொன்ன, சொன்ன. சரி, போகட்டும். தங்கத்த எடுத்துக் கழுத்துல போடு, பேச்ச விடு.

— கேட்டியா?

— எத?

— கீழ. பெட்டிய இழுக்கிற சத்தம்.

— பூனையா இருக்கும்.

— பூனை பெட்டி இழுக்குமா?

— பெருநாளைக்குப் பூனை என்ன வேணா பண்ணும். தலந்தா, நான் சொல்றதக் கேளு. முகத்தத் தொடச்சுக்க. அக்கா வந்தா இந்த மூஞ்சியோடயா நிப்ப?

— நான் முழுசாச் சொல்லிடறேன், அப்புறம் உன் இஷ்டம். மூணாம் நோன்பு சாயங்காலம் அசர் தொழுகை நேரத்துக்கு அடுக்களை ஜன்னல்ல நின்னு அழுதுக்கிட்டிருந்தேன். முற்றத்துல இருந்து ஒருத்தி நிமிந்து பாத்தா. "என்ன லல்லா, ஏம்மா அழறீங்க?"ன்னா. சொல்லிட்டேன். புருஷன்கிட்ட சொல்ல முடியாதத முற்றத்தப் பாத்துச் சொன்னேன். "கூடையில வெச்சு இறக்குங்க"ன்னா. துணி காயப் போடற கயித்துல கூடையக் கட்டி, கிண்ணத்துல ரெண்டு கரண்டி ஊத்தி இறக்கினேன். அவளும் நோன்புதான். நாக்கு நுனியில வெச்சுப் பாத்துட்டுத் துப்பினா. சத்தம் போட்டா அக்கம்பக்கம் கேக்கும்னு கயித்துலயே பேச்ச வெச்சுக்கிட்டோம். ஒரு இழுப்பு இழுத்தா உப்பு பத்தல. ரெண்டு இழுத்தா சரி. மூணு இழுத்தா கூடிப்போச்சு.

— நல்ல யோசனைதான். அக்கம்பக்கம்னு இருக்கிறது இதுக்குத்தானே. சரி, ஒருத்தி உப்பு பாத்தா, பாத்துட்டுப் போகட்டும். மீன எடு, ஆறிடப் போகுது.

— உப்பு மீன் சூடா எப்ப இருந்துச்சு ஆறறதுக்கு?

— ஷர்மூலாவச் சொன்னேன்.

— அதயும் ஆற வெச்சுத்தான் சாப்பிடுவோம். ஷாத்லி.

— என்ன?

— அவ யாருன்னு நீ கேக்கவே இல்லையே.

— கேக்கணுமா?

— எதிர் வீட்ல புதுசா வந்த பூனைக்கு என்ன பேருன்னு படியிறங்கிப் போய்க் கேட்டுட்டு வந்தவன் நீ. உன் வீட்டு அடுப்புல ஒரு மாசம் வேற எவளோ நாக்கு இருந்திருக்கு. யாருன்னு நீ கேக்கல.

— வாய்க்கு வரல.

— என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

— பாத்தா சொல்ல வராது.

— அப்ப சுவத்தப் பாத்துச் சொல்லு.

— தெரியும், தலந்தா. எட்டாம் நோன்புலேருந்தே தெரியும்.

— எப்படி?

— அன்னைக்குத் தல வலின்னு கடையச் சீக்கிரம் சாத்தினேன். சந்துப் பக்கத்து முற்றத்துக் கதவத் தள்ளினா, கூடை இறங்கிக்கிட்டிருக்கு. சரி, என் பொண்டாட்டி ஏழைபாழைக்குக் குடுக்கறான்னு நெனச்சேன். கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு. நம்ம கீழ் அறை சலிமாத்தா வந்தா. நாக்கு நுனியில வெச்சா, துப்பினா. தொட்டித் தண்ணியில வாயக் கழுவினா. மூணு தரம், ஒரு துளி உள்ள போயிரக் கூடாதுன்னு விரல விட்டுக் கழுவினா. அப்புறம் கயித்த ரெண்டு தரம் இழுத்தா. உள்ள போய் ஒரு சட்டியக் கொண்டாந்து கூடையில வெச்சா, விளிம்பு உடஞ்ச நீல மூடி போட்டது. நோன்பு தொறக்க உக்காரும்போது அந்த நீல மூடி நம்ம மேசையில இருந்துச்சு. "கிரேக்கன் கத்திரிக்கா, போன்ல பாத்தேன்"ன நீ.

— நீ என்ன சொன்ன?

— உன் கைக்குத் தங்கம் போடணும்னேன்.

— அல்லாவே! தெரிஞ்சுக்கிட்டா சொன்ன?

— தெரிஞ்சுக்கிட்டேதான். முதல் நாள் உன் மானம் போகக்கூடாதுன்னு பேசாம இருந்தேன், அது சத்தியம். ரெண்டாம் நாள்லேருந்து அது இல்ல. ருசியா இருந்துச்சு, தலந்தா. நான் வெளிநாட்டுக் கப்பல்காரன் வீட்ல சாப்பிட்டவனா? அவ அந்த மாதிரி நாலஞ்சு வீட்ல அடுப்படியில நின்னு கத்துக்கிட்டிருக்கா, கிரேக்கன் வீட்ல, கொரியாக்காரன் வீட்ல. அத அப்படியே நம்ம கூடையில வெச்சிருக்கா. வாயத் தொறந்து "தெரியும்"னு சொன்னா மறுநாள் கூடை நின்னுருமேன்னு பயந்தேன். அவ்வளவுதான் உன் புருஷன். நாக்குக்கு அடிமையாயிட்டேன்.

— எட்டாம் நோன்பு தெரிஞ்சுது.

— ஆமா.

— இருபதாம் நோன்பு அவள வீட்டக் காலி பண்ணச் சொன்ன. சொன்னியா இல்லையா?

— சொன்னேன்.

— "பெருநாள் காலையில வேன் வரும், அதுக்குள்ள மூட்டையக் கட்டிரு. உன் சமையல் நாத்தத்துல படியேற முடியல"ன்னு முற்றத்துல நின்னு சொன்ன. நான் ஜன்னல்ல நின்னு கேட்டேன். அன்னைக்கு சாயங்காலம் எதச் சாப்பிட்ட?

— கடலக்கோழி.

— எந்த நாத்தம் படியேற விடலையோ, அதே கோழி. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றவனக் கேள்விப்பட்டிருக்கேன். உன்ன மாதிரி ஒருத்தனக் கேள்விப்பட்டதில்ல.

— திட்டு. நல்லாத் திட்டு.

— எதுக்குச் சொன்ன? எனக்கு அது தெரியணும்.

— அக்கா வந்தப்ப மூக்கப் பொத்திக்கிட்டு...

— அக்காவ இழுக்காத.

— கடைத்தெருவுல பேசிக்கிட்டாங்க. காகிதம் இல்லாத வெளிதேசத்துக்காரங்களுக்கு அறை விட்டா வீட்டுக்காரனையும் சேத்து இழுத்துட்டுப் போவாங்களாம்னு...

— யார் சொன்னா?

— யாரோ.

— யாரோ சொன்னதுக்கா இந்த நடுக்கம்? அதுவும் இல்ல. உன்ன எனக்குத் தெரியாதா?

— இல்ல. அதுவும் இல்ல... தினம் சாப்பிட்டு முடிச்சு பள்ளிக்கு இறங்கும்போது அவ வாசல்ல உக்காந்திருப்பா. எழுந்து நிப்பா. "நல்லாச் சாப்பிட்டீங்களா, பாபா?"ன்னு கேப்பா. வேற ஒண்ணும் கேக்க மாட்டா. தினம் அதே கேள்வி. நான் "ம்"னுட்டுப் போயிருவேன். என் மீசையில அவ வெச்ச எண்ணெய் ஒட்டிக்கிட்டிருக்கும். அந்தக் கேள்விய என்னால தாங்க முடியல, தலந்தா. நன்றி சொல்ல வேண்டிய ஆள தினம் ரெண்டு தரம் தாண்டிப் போறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அவ இல்லாம போயிட்டா நிம்மதியா இருக்கும்னு தோணுச்சு. உப்பு தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும். நான் தண்ணி குடிக்கப் பயந்து கிணத்த மூடப் பாத்தேன்.

— அப்ப இந்தத் தங்க மீனு?

— நீ அத எடுத்துக்கிட்டன்னா முடிஞ்சுதுன்னு இருந்தேன். உப்பு பாத்தது நீதான்னு ஆயிரும்ல? நீயும் தெரியாத மாதிரி, நானும் தெரியாத மாதிரி, அக்கா முன்னாடி கழுத்துல போட்டுக்கிட்டு... அப்படியே காலம் போயிரும்னு.

— என் வாய்க்கும் சேத்து ஒரு மூடி தயார் பண்ணியிருக்க.

— ஆமா.

— உன்ன மட்டும் சொல்லி என்ன? இருபதாம் நோன்பு நீ அப்படிப் பேசினப்ப ஜன்னலத் தொறந்து, "மனுஷா, நீ தின்னது அவ சோறு"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். சொல்லல. என் பேரு போயிருமேன்னு நாக்க அடக்கிக்கிட்டேன். செத்த நாக்குதானே, அடங்க என்ன கஷ்டம். அதோட விட்டேனா? ஒரு மணி நேரம் கழிச்சு வெக்கமில்லாம கூடைய இறக்கினேன். இன்னைக்கு இழுக்க மாட்டான்னு நெனச்சேன். இழுத்தா. ரெண்டு தரம்.

— ஒண்ணும் சொல்லலையா?

— ஒண்ணும் சொல்லல. நேத்து இந்த மீன் சட்டிய இறக்கினேன். மூட்டை கட்டிக்கிட்டிருந்தவ எழுந்து வந்தா. பிறை கண்டாச்சு, நோன்பு இல்ல, முழுங்கியிருக்கலாம். பழக்கத்துல துப்பிட்டா. மூணு இழுப்பு. தண்ணி மாத்தி இறக்கினேன், திரும்ப மூணு. அஞ்சாவது தண்ணியிலதான் ரெண்டு வந்துச்சு. உன் பெருநாள் மீன் அது. எடுத்து வைக்கட்டுமா?

— வேணாம். இறங்காது.

— இன்னொண்ணும் சொல்லிடறேன். நீ தொழப் போயிருந்தப்ப நான் கீழ போய் அவ கையப் பிடிச்சு அழுதேன். என் பங்கு அது. "மீன் சரியா இருந்துச்சா லல்லா?"ன்னு கேட்டா. "போகாத"ன்னேன். "வீடு உங்களோடது இல்லையே, பாபாவோடது"ன்னா. கதவுல சாவி இல்ல. ஏன்னு கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டா.

— சாவிய நேத்தே வாங்கிட்டேன்.

— நேத்தேவா?

— பொழுது சாஞ்சு மஃரிப் தொழுதுட்டு வரும்போது. காலையில மறந்துருவாளோன்னு. இதோ, பையில இருக்கு.

— ராத்திரி பூரா பூட்டாத கதவுக்குள்ள ஒரு பொம்பள தனியாப் படுத்திருக்கா. பெருநாள் ராத்திரி. நீ மேல பாட்டுப் பாடிக்கிட்டு மீசையக் கத்தரிச்ச.

— போதும், தலந்தா. போதும்டி.

— போதாது. மணி என்ன?

— எட்டு அம்பது.

— அப்ப எழுந்திரு.

— எங்க?

— கீழ. படியிறங்கிப் போய் இந்தக் கோப்பைய அவகிட்ட குடு. உப்பு பாத்தவளுக்குத்தானே இது.

— நானா? என்னன்னு சொல்லுவேன்? "நல்லாச் சாப்பிட்டீங்களா, பாபா"ன்னு கேட்டுட்டா? என்னால முடியாது. நீ போ.

— நான் போயிட்டு வந்தாச்சு.

— இல்ல, இரு, இரு. கூடை இருக்குல்ல? கூடையில வெச்சு இறக்கிடுவோம். அவளுக்குப் பழக்கமானதுதானே. கோப்பைய வெச்சு, மேல ஒரு துணியப் போட்டு... நான் வேணா என் கையாலயே இறக்கறேன். அது போதாதா?

— உன் மூஞ்சிய அவ பாக்கக் கூடாது. அதானே?

— எங்க வெச்சிருக்க கூடைய?

— உன் தலைக்கு மேல மாட்டியிருக்கு. ஒரு மாசம் அதுக்குக் கீழ உக்காந்துதான் சாப்பிட்ட.

— பிடி, பிடி. கயிறு சிக்குது. கோப்பை சாஞ்சிராதே?

— சாயாது. ஷுர்பாவே சிந்தாம போய் வந்திருக்கு. மெதுவா விடு.

— தரையத் தொட்டுருச்சு. அவ வர்றாளா?

— நீயே எட்டிப் பாரு.

— மாட்டேன். நீ பாரு.

— வந்துட்டா. பெருநாள் சட்ட போட்டிருக்கா, மஞ்சள். இடுப்புல மூட்டை கட்டின கயிறு. துணிய எடுக்கறா. கோப்பைய எடுத்துப் பாக்கறா.

— சிரிக்கறாளா?

— இல்ல. திரும்ப வெச்சுட்டா. கயித்துல கை வெக்கறா. கயிறு உன் கையிலதானே இருக்கு?

— இருக்கு. ஆ... இழுத்தா!

— எத்தன?

— ஒண்ணு. அவ்வளவுதான். ஒண்ணோட நின்னுருச்சு.

— உப்பு பத்தலையாம்.

— தங்கம் பத்தலைன்னா சொல்றா? கல்லு வெச்ச மீனு, தலந்தா!

— தங்கத்தத் தொடவே இல்ல அவ. இழு மேல.

— அப்படியே இருக்கே... சரி. சரி. சாவிய வெக்கறேன். பாத்துக்க, கோப்பைக்குள்ள, மீனுக்குப் பக்கத்துல. இனி அந்த அறை அவளோடது, வேன்காரன நானே திருப்பி அனுப்பறேன். அக்கா என்ன சொன்னாலும் சொல்லிட்டுப் போகட்டும். இறக்கட்டுமா?

— இறக்கு.

— சந்துல வண்டிச் சத்தம் கேக்குது.

— வேன்தான். கோப்பை சாயாம இறக்கு, மனுஷா.

— தொட்டுருச்சு. எடுத்துட்டாளா? சொல்லு, சொல்லு.

— சாவியப் பாக்கறா. கையில எடுத்துப் பாக்கறா... கோப்பைக்குள்ளயே திரும்பப் போட்டுட்டா. நிமிந்து ஜன்னலப் பாக்கறா.

— உன்னையா?

— என்னை இல்ல. எனக்குப் பின்னால யாராவது இருக்காங்களான்னு பாக்கறா.

— இழுக்கறா, இழுக்கறா!

— எத்தன?

— ஒண்ணு... திரும்பவும் ஒண்ணுதான், தலந்தா. தங்கம் வெச்சேன், சாவி வெச்சேன், அறையையே குடுத்துட்டேன். இன்னும் என்னதான் குறையுதாம்? வேற என்ன இருக்கு இந்த வீட்ல அதுல வெக்கறதுக்கு?

— நீ இருக்கியே. கூடை தாங்காது, படியில இறங்கிப் போ.